சொல்லுக்கு உரியவர் யார்?

மழையைப் பற்றிக் கட்டுரை எழுதுக எனத் தலைப்புக் கொடுத்தால், தமிழ்ப்பள்ளி மாணவன் தொடங்கும் முறை நெடுங்காலமாகப் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது. வானம் கருக்கும், மேகங்கள் திரளும், குளிர்ந்த காற்று வீசும், மயில் தோகை விரித்து ஆடும், உழவர் உள்ளம் உவகையால் பொங்கும். இவற்றில் ஓர் எழுத்துப் பிழை இராது. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகும். உவமையும் ஒன்று இருக்கும். ஆசிரியர் சிவப்பு மையால் 'நன்று' என எழுதிப் புள்ளி இடுவார். எழுதியவனோ கோலா பிலா வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன். அவன் மயிலைக் கண்டதில்லை. நெல்வயலைக் கண்டிருக்கிறான், ஆனால் அது பள்ளத்தாக்கில் இருக்கும் மலாய்க் கம்பத்தாரின் வயல், பேருந்துச் சன்னல் வழியே பார்த்த வயல். மழை பெய்தால் அவன் வீட்டில் உவகை பொங்குவதில்லை.

ரப்பர்த் தோட்டத்தில் மழைக்குப் பொருள் வேறு. பால் வெட்டு விடியற்காலை வேலை. வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். அப்போதுதான் பால் நன்கு வடியும். ஆகவே இருள் பிரியுமுன்னரே பெரட்டு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் உளியும் வாளியும் காண்டாவுமாக நிரைக்குப் போக வேண்டும். ஒரு காலைப் பொழுதில் ஒருவர் 400, 500 மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். இரவு பெய்த மழையில் பட்டை நனைந்திருந்தால், பால் வெட்டின் வழியே இறங்காமல் பட்டையெங்கும் பரவி வழிந்துவிடும். மங்கில் சேர்ந்த பாலில் மழைநீர் கலந்தால் அதுவும் வீண். ஈரப் பட்டையில் உளி வைத்தால் மரம் நோயுறும் என்னும் அச்சம் வேறு. ஆதலால் மழைக்காலையில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்கு, நாட்கூலிக் காலத்தில், கூலியும் இல்லை. விடியுமுன் தகரக் கூரையில் முதல் துளிகள் விழும் ஓசையைக் கேட்டுத் தாய் விழித்துக்கொள்வாள். தந்தை எழாமல் புரண்டு படுப்பார். இருவரும் ஒன்றும் பேசமாட்டார்கள். மளிகைக் கடைக்காரரின் கடன் புத்தகத்தில் இன்னும் ஒரு வரி ஏறப் போகிறது என்பது பேசாமலே தெரியும். மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் பல்லாண்டுகள் குரல் கொடுத்ததற்கு இந்த மழை ஒரு பெருங்காரணம்.

இவ்வளவையும் அறிந்த பிள்ளைதான் மயில் ஆடியது என எழுதினான். அவன் சொல்வளம் அற்றவன் என்று கூறிவிட முடியாது. பட்டை, வெட்டு, மங்கு, நிரை, ஒட்டுப்பால், கட்டிப்பால் எனத் தன் வீட்டுத் தொழிலின் பெயர்களையெல்லாம் பிசகாமல் அறிந்தவன் அவன். ஆயினும் இச்சொற்களில் ஒன்றுகூடக் கட்டுரைச் சுவடிக்குள் நுழைந்ததில்லை. அவை எழுதத் தகாத சொற்கள் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே அவன் அறிந்துகொண்டான்.

பிள்ளைகள் கேட்போர் நெஞ்சைத் தொடும்படி பேசவும் எழுதவும் பழக வேண்டும் என விரும்பாத தமிழாசிரியர் இல்லை. அதற்காகப் பயிற்சிகள் பல வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் இப்பயிற்சி தன்னுள் ஓர் அறவினாவையும் கொண்டிருக்கிறது என்பது அத்துணை எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. காணாததைக் கண்டதாகவும் உணராததை உணர்ந்ததாகவும் அழகுபடச் சொல்லப் பழக்குவது மொழிக்கல்வியா, அன்றிப் பொய்ம்மைக்கு இடப்படும் முதற்படியா? மயிலுக்குப் புள்ளி கொடுத்த ஆசிரியர் அப்பிள்ளைக்கு எதைக் கற்பித்தார்?

பொய் என்று உடனே தீர்ப்புக் கூறுவது கடுமையாகும். வாய்மைக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவரே நடந்ததை நடந்தவாறு கூறுவது என்று அதனை வரையறுக்கவில்லை. பிறர்க்குச் சிறிதும் தீமை பயவாத சொல்லே வாய்மை என்றார். அந்த அளவுகோலில் பார்த்தால் மயில் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனால் தீங்கு பிறர்க்குத்தான் நேர வேண்டும் என்பதில்லையே. தன் கண் கண்டதற்கும் தன் கை எழுதுவதற்கும் தொடர்பு இல்லை என்று பத்து வயதில் ஒருவன் கற்றுக்கொள்வானாயின், தீங்கு எழுதியவனுக்கே நேர்ந்தது எனலாம். வள்ளுவர் 'சொல்வன்மை' என்னும் அதிகாரத்தை வைத்த இடமும் கருதத்தக்கது. அது 65ஆம் அதிகாரம். அதற்கு முன்னர் 'அமைச்சு', பின்னர் 'வினைத்தூய்மை'. பொறுப்புடையவனுக்கும் தூய செயலுக்கும் நடுவே சொல்வன்மை நிறுத்தப்பட்டிருக்கிறது. கற்றதைப் பிறர் உணர விரித்துரைக்க மாட்டாதவரை மணமற்ற மலர்க்கொத்துக்கு ஒப்பிட்ட அதே அதிகாரத்தில், குறையற்ற சில சொற்களைச் சொல்லத் தெரியாதவரே பல சொற்களைச் சொல்ல விரும்புவர் என்றும் அவர் இடித்துரைக்கிறார்.

அணியிலக்கணம் இன்னும் வியப்புக்குரியது. தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என வகுத்து, அவற்றுள் முதலாவதாக வைப்பது உவமையை அன்று; உருவகத்தையும் அன்று. 'தன்மை' என்னும் அணியையே முதலில் வைக்கிறது. ஒரு பொருள் எவ்வாறு இருக்கிறதோ அவ்வாறே அதன் இயல்பு விளங்கச் சொல்லுவது அது. அணிகளைப் பட்டியலிட வந்த நூல், அணி ஏதும் புனையாமல் உள்ளதை உள்ளவாறு காட்டும் திறனைத் தலைமையில் நிறுத்தியது. வகுப்பறையில் 'அணிநயம்பட எழுது' என்று சொல்லும்போது இந்த முதல் அணி பெரும்பாலும் மறந்துவிடுகிறது. நன்னூல் பட்டியலிடும் நூற்குற்றம் பத்தினுள் 'வெற்றெனத் தொடுத்தல்' என ஒன்று உண்டு. பொருளின்றிச் சொல்லை அடுக்குவது. மனப்பாடக் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

இந்நிலை ஏற்பட்டதற்கு ஆசிரியரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. தோட்டப் பள்ளிகள் தோன்றிய வரலாற்றை நோக்க வேண்டும். 1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்களால், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளியை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. சட்டம் பள்ளியைக் கொடுத்தது. ஆசிரியரைப் பற்றி அத்துணைக் கவலைப்படவில்லை. பல தோட்டங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும். காலையில் தோட்ட வேலை பார்த்துவிட்டுப் பின்னர்ப் பாடம் சொன்னவரும் உண்டு. அவர் கையில் கிடைத்த பாடநூல்களோ தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை. அந்த நூல்களின் மழை தஞ்சை வயலில் பெய்த மழை. அங்கே மயில் ஆடியதும் உழவர் மகிழ்ந்ததும் உண்மையே. அந்த உண்மை கப்பலேறிக் கோலா பிலாவுக்கு வந்து சேர்ந்தபோது வெறும் சொல்லாகிவிட்டது. அதற்குப் பின் சோதனை வந்தது. 1988 முதல் 2021இல் நீக்கப்படும் வரை யு.பி.எஸ்.ஆர். தேர்வு தொடக்கப்பள்ளியின் தலைவிதியை எழுதியது. எந்தத் தலைப்பு வந்தாலும் பொருத்திக்கொள்ளத்தக்க முன்னுரை, எந்தக் கதைக்கும் ஏற்ற முடிவுரை, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மரபுத்தொடர் எனப் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு தேர்வு மண்டபம் சென்றனர். புள்ளி குறைந்தால் பள்ளிக்குப் பெயர் கெடும். பெயர் கெட்டால் மாணவர் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் பள்ளியே இராது. இவ்வாறு அஞ்சிய தலைமையாசிரியர்கள் நாடெங்கும் இருந்தனர். அவர்கள் அச்சம் பொய்யன்று.

மொழியணிப் பட்டியலையும் இகழ்வதற்கில்லை. திருக்குறள், ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, பழமொழி, இணைமொழி, இரட்டைக்கிளவி என்று மலேசியத் தமிழ்ப்பள்ளிக் கலைத்திட்டம் ஆண்டுதோறும் பிள்ளைக்கு வழங்குவது ஒரு பெருஞ்செல்வம். வேறு எவ்வகையிலும் அது அவனுக்குக் கிட்டாது. இரவல் சொல் எல்லாம் பொய்ச்சொல் என்று கொண்டால், எந்தக் குழந்தையும் வாய் திறக்க முடியாது. 'அம்மா' என்பதே இரவல் சொல்தானே.

லயத்தில் சாவு நேர்ந்தபோது பெண்கள் கூடி வைத்த ஒப்பாரியை எண்ணிப் பார்க்கலாம். அதன் மெட்டு பழையது. பொன்னும் பூவும் பல்லக்கும் தேரும் எனப் பாட்டில் வரும் பொருள்கள், பாடியவள் வாழ்நாளில் கண்டறியாதவை. தன் பாட்டியிடம் கேட்டதை அவள் பாடினாள். அப்பாட்டி கடல் கடந்து கொண்டு வந்ததைப் பாடினாள். மயிலை இரவல் வாங்கிய மாணவனைப் பொய்யன் என்றால், பல்லக்கை இரவல் வாங்கிய இம்மூதாட்டியை என்னவென்பது? ஆயினும் அவள் பாட்டைக் கேட்டுக் கல்லும் கரைந்தது. காரணம் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பழைய அடிகளுக்கு நடுவே அவள் ஓர் இடத்தில் நிறுத்தி, இறந்தவர் பெயரைச் சொல்லுவாள். அவர் செய்த ஒன்றைச் சொல்லுவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது இருட்டில் மருந்துக்கு ஓடியதைச் சொல்லுவாள். பல்லக்கு அந்த ஒரு செய்தியைத் தூக்கிச் செல்லவே வந்தது. அவள் கண்முன் ஒரு பிணம் கிடந்தது. அவள் பாடிய அடிகளை அதற்கென்றே தேர்ந்தெடுத்தாள். மாணவன் கண்முன் எந்த மழையும் இல்லை.

கோலா பிலாவில் வாழ்பவருக்கு இதனை விளக்க இன்னொரு சான்றும் அருகிலேயே உண்டு. ஸ்ரீ மெனாந்தி, ஜொகோல் முதலிய இடங்களைத் தன்னகத்தே கொண்ட மாவட்டம் இது. மினாங்கபாவ் வழிவந்த மலாய் மக்கள் தாய்வழி உரிமையைப் போற்றும் பெர்பாத்தே மரபைக் காத்து வரும் மண். அம்மரபின் சட்டங்கள் நெடுங்காலம் ஏட்டில் இருந்தவை அல்ல. 'பெர்பிலாங்ஙான்' எனப்படும் சொற்கோவைகளாக நாவிலேயே வழங்கி வந்தவை. நில உரிமை, மணம், பூசல், இழப்பீடு ஆகிய எல்லாவற்றிற்கும் ஓசையமைந்த முதுமொழி உண்டு. குலத் தலைவர் வழக்கைக் கேட்டு முடித்தபின், நூற்றுக்கணக்கான முதுமொழிகளில் அந்த வழக்கிற்கு உரியதை எடுத்து வைப்பார். சொல் அவருடையது அன்று, முன்னோருடையது. இந்த வழக்கிற்கு இந்தச் சொல் என்று துணிந்தது மட்டுமே அவருடையது. அத்துணிவிற்கு அவரே பொறுப்பு. தவறான முதுமொழியை எடுத்து வைத்தால் ஒரு குடும்பம் நிலத்தை இழக்கும். தோட்டத்து வேலிக்கு அப்பால் இத்தகைய சொற்பயிற்சி நடந்து வந்ததைத் தமிழ்ப் பிள்ளைகள் அறிய வாய்ப்பின்றிப் போனது ஓர் இழப்பே. நெகிரி செம்பிலான் மலாயை அவ்வூர்ப் பேச்சின் ஓசையோடு பேசத் தெரிந்த தமிழர் அங்கே பலர் உளர். அம்மொழியின் முதுமொழிகளோடு பழகியவர் சிலரே.

ஆகவே இரவலா சொந்தமா என்பது வினாவன்று. ஒரு சொல்லை எடுத்து வைத்தவன் 'ஏன் இச்சொல்?' எனக் கேட்டால் விடை சொல்ல வல்லனா என்பதே வினா. பள்ளிப் பேச்சுப் போட்டி மேடைகளில் இது நன்கு விளங்கும். சிறுமி ஒருத்தி நடுவரையும் நேரக் காப்பாளரையும் அவையோரையும் முறைப்படி விளித்துத் தொடங்குகிறாள். குரல் ஏறி இறங்குகிறது. கை உரிய இடத்தில் உயர்கிறது. மேற்கோள்கள் அருவியெனக் கொட்டுகின்றன. உரை முடிந்தபின் நடுவர் ஒருவர் அன்போடு, "இதில் உனக்கு மிகவும் பிடித்த கருத்து எது, அம்மா?" எனக் கேட்டால் அவள் திகைத்துப் போகிறாள். பேசியது ஆசிரியர் எழுதிக் கொடுத்த உரை. அவளுக்குப் பிடித்தது எது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கோப்பை அவளுக்குக் கிடைக்கிறது. கிடைக்கட்டும், மேடை அச்சம் நீங்கியதும் ஒரு பேறுதான். ஆனால் அதற்குச் சொல்வன்மை என்று பெயரிடுதல் தகாது.

சொல்லத் தெரியாமை வெறும் பள்ளிக்குறையாக நின்றுவிடுவதில்லை. தோட்டத்தில் அதற்கு ஒரு விலை இருந்தது. குறை சொல்ல அலுவலகத்துக்குப் போன தொழிலாளி, துரைக்கு முன்னால் 'ஐயா' என்ற ஒரு சொல்லோடு நின்றார். எஞ்சியதைக் கிராணி சொன்னார். கிராணி சொன்னதுதான் தொழிலாளி சொன்னது ஆயிற்று. மனு எழுத வேண்டுமானாலும் எழுதுபவர் வேறொருவர். அவருக்குத் தெரிந்த சொற்றொடரில், அவர் அளந்த அளவிற்குத் துயரம் எழுதப்பட்டது. தன் துயரத்தைப் பிறர் நாவில் கேட்டு, அது தன்னுடையதுதானா என ஐயுற்று நின்றவர் எத்தனை பேர்!

தொழிலாளர் குரல் நேரடியாகக் கேட்டபோது அது எத்தகைய சொல்லாக இருந்தது என்பதை அறியக் கோலா பிலாவிலிருந்து கிள்ளானுக்குப் போக வேண்டும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் அவற்றில் முன்னின்றனர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் முதலிய கோரிக்கைகளோடு இன்னொன்றும் வைக்கப்பட்டது. துரையோ தோட்ட அதிகாரிகளோ எதிர்ப்பட்டால் தொழிலாளர் தம் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. அடிமைத்தனம், இழிவு, தன்மானம், மனித உரிமை என்று பெருஞ்சொற்கள் பல இருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒருங்கே சேர்த்தாலும் அந்தச் சைக்கிளுக்கு ஈடாகா. கூலி கொடுத்து வாங்கிய தன் சொந்த வண்டியிலிருந்து ஒருவன் செம்மண் பாதையில் இறங்கி நிற்கிறான். படிப்பவர் யாராயினும் அக்கணமே இறங்கி நிற்கிறார். அதில் உவமை இல்லை; மரபுத்தொடர் இல்லை. தண்டியாசிரியர் முதலில் வைத்த அணி மட்டும் இருக்கிறது. அவ்வாண்டிலேயே நாதன் சிறைப்படுத்தப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார் என்பதிலிருந்து, அத்தகைய சொற்களுக்கு ஆட்சியினர் எவ்வளவு அஞ்சினர் என்பதும் விளங்கும்.

இவ்வாறெல்லாம் கூறியபின், 'எனவே பிள்ளைகள் தாம் கண்டதையும் தம் வீட்டில் நடப்பதையும் மட்டுமே எழுத வேண்டும்' என விதித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றும். தீராது. உண்மையில் இங்கேதான் அது கடினமாகிறது.

முதலாவது, தோட்டத்துப் பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது மங்கையும் வாளியையும் பற்றி எழுதுவதற்காக அன்று. அவற்றை விட்டு அவன் வெளியேற வேண்டும் என்பதற்காகவே அனுப்பினர். 'தோட்டத்துத் தமிழ்' என்று நகரத்தார் எள்ளியதை அவர்கள் கேட்டிருக்கின்றனர். லயத்துக்கு அப்பால் ஓர் உலகம் உண்டு என்பதைக் காணாத மயிலும் காணாத தஞ்சையும்தான் பிள்ளைக்கு முதலில் அறிவித்தன. கண்டதை மட்டும் எழுது எனல், கண்ட இடத்திலேயே இரு எனலும் ஆகக்கூடும்.

இரண்டாவது இன்னும் நுண்ணியது. பிள்ளை தன் வீட்டு உண்மையை எழுதினால் அதில் என்னென்ன வரும் என்பதைப் பட்டறிவுள்ள ஆசிரியர் அறிவர். கள் வரும், கடன் வரும், அடி வரும், சொல்லாமல் போய்விட்ட தந்தை வருவார். 'என் குடும்பம்' எனத் தலைப்புக் கொடுத்து, 'மனம் திறந்து எழுது' என்று கட்டளையிட்டு, வந்ததற்குப் புள்ளி இட்டு, நன்றாக இருந்தால் வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டும் உரிமை ஆசிரியருக்கு உண்டா? பத்து வயதுப் பிள்ளைக்கும் மானம் உண்டு. அவன் மயிலின் தோகைக்குப் பின்னால் ஒளிந்து கொண்டானாயின், அது சோம்பலாகவும் இருக்கலாம். தன் வீட்டைக் காக்கும் திரையாகவும் இருக்கலாம். திரையைக் கிழித்து உண்மையை வெளிக்கொணர்வதுதான் உணர்ச்சிமிக்க எழுத்துக்குப் பயிற்சி என எண்ணுவோர் இரக்கமற்றவர். வாய்மைக்கு வள்ளுவர் தீமையின்மையை ஏன் அளவுகோலாக்கினார் என்பது இவ்விடத்தில்தான் புலனாகிறது.

இதற்கு ஒரு வழியை இந்நாட்டு இலக்கிய வரலாறே காட்டியிருக்கிறது. 1950ஆம் ஆண்டையொட்டித் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். செய்தித்தாள் வழியே பாடம், பயிற்சி, திருத்தம். 1952இல் சிங்கப்பூரிலிருந்து கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு மாணவர் மணிமன்றத்தைத் தொடங்கியது. இவ்விரண்டாலும் மலாயாவெங்கும் புதிய பேனாக்கள் முளைத்தன. எழுதக் கற்பிக்க இயலுமா, அது பிறவியில் வருவதன்றோ எனக் கேட்போருக்கு இவையே விடை. மலாயாவின் மண்ணையும் மக்களையும் தமிழ்க் கதைக்குள் கொண்டு வந்ததில் இம்முயற்சிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. கதை என்பது அதற்கு உதவிய கருவி. 'என் தந்தை' என எழுதக் கை நடுங்குபவன் 'ஒரு தந்தை' என எழுதலாம். பெயரை மாற்றலாம், தோட்டத்தை மாற்றலாம், மழையை மாற்ற வேண்டியதில்லை. கற்பனை என்னும் போர்வை கொடுத்தால் பிள்ளை உண்மையைத் துணிந்து சொல்லுவான். பொய்யை உண்மை போல் எழுதும் மனப்பாடக் கட்டுரைக்கும், உண்மையைப் பொய் போல் எழுதும் கதைக்கும் உள்ள வேற்றுமையை ஆறாம் ஆண்டு மாணவர் அறியமாட்டார் என எண்ணுவது அவர்களைக் குறைத்து மதிப்பதாகும்.

ஆசிரியர் செய்யக்கூடியதோ மிக எளியது. அதனாலேயே செய்யப்படாமல் போவது. மயிலை அடிக்க வேண்டாம். 'எந்த மழை?' என்று ஓரத்தில் ஒரு வினாவை எழுதி வைத்தால் போதும். எப்போது பெய்தது, எங்கே நின்று பார்த்தாய், முதலில் என்ன ஓசை கேட்டது, யார் என்ன சொன்னார்? விடை சொல்ல விரும்பினால் சொல்லட்டும், விரும்பாவிடில் விட்டுவிடுக. ஒரு வகுப்பில் நான்கு பேர் விடை எழுதுவர். அந்நால்வர் எழுத்திலும் சந்திப் பிழை மிகும், வாக்கியம் தடுமாறும். பிழையற்ற மயிலைவிடப் பிழைமலிந்த தகரக் கூரைக்குக் கூடுதலாக ஒரு புள்ளி கொடுக்க ஆசிரியருக்கு நெஞ்சுரம் வேண்டும். பிழையைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். அப்போது திருத்தமும் சுவை பெறும். ஏனெனில் தான் சொல்ல வந்தது பிறருக்கு விளங்கவில்லையே என்னும் தவிப்பு பிள்ளைக்கே இருக்கும். இலக்கணம் அத்தவிப்புக்கு மருந்தாக வரும்போது கசப்பதில்லை.

இன்று கோலா பிலாவைச் சுற்றிய காட்சி மாறிவிட்டது. ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. லயங்களில் இருந்தோர் பலர் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். தோட்ட வேலைக்கு வெளிநாட்டார் வந்துவிட்டனர். மங்கு என்றால் என்ன எனக் கேட்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். யு.பி.எஸ்.ஆரும் போயிற்று. ஆயினும் ஆயத்தச் சொற்கள் போகவில்லை. வேறு உடையில் வருகின்றன. எது நிகழ்ந்தாலும் 'சூப்பர்' என்ற ஒரு சொல்லிலும், கைப்பேசியில் அனுப்பும் ஒரு மஞ்சள் முகத்திலும் நகை, அழுகை, இளிவரல், மருட்கை எனத் தொல்காப்பியர் எட்டாகப் பகுத்துக் காட்டிய மெய்ப்பாடுகள் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. தலைப்பைச் சொன்னால் கட்டுரையையே எழுதித் தரும் கணினி வேறு வந்துவிட்டது. அது மயிலை ஆட வைக்கும். உழவரை மகிழ வைக்கும். ஒற்றும் மிக வைக்கும். மனப்பாடத்தால் பெற்று வந்த புள்ளியை இனி மனப்பாடமும் இன்றிப் பெறலாம்.

ஆனால் கோலா பிலாவில் இப்போதும் மழை பெய்கிறது. தந்தை லாரி ஓட்டுகிறார். தாய் சிரம்பான் பக்கத்துத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து, புக்கிட் புத்துஸ் மலைப்பாதை வழியே தொழிற்சாலைப் பேருந்தில் திரும்புகிறாள். மலையில் மழை பிடித்துக்கொண்டால் பேருந்து வரத் தாமதமாகும். அதுவரை பாட்டி சன்னலருகே நிற்கிறாள். பள்ளிச் சீருடையை அணிந்துகொண்ட பிள்ளையும் நிற்கிறது. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி எந்தப் பயிற்சி நூலிலும் ஒரு வரி இல்லை. கணினிக்கும் அது தெரியாது. பிள்ளைக்குத் தெரியும், பாட்டிக்கு அதற்கான பழைய சொற்கள் சில தெரியும்.